ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் பின்னால் கேட்ட குரல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழர்களுக்கு,

நம் ஆய்வுப் பிரிவை விட்டுப் போகிறவர், அடுத்து வருகிறவர்களுக்கு நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் தலை நரைத்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, கிளம்புகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு விலக்கு கிடையாதாம். சரி என்று உட்கார்ந்தேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. ஒரு பெரியவரின் மானத்தை நான் எப்படி ஊர் நடுவில் போட்டு உடைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் படிப்பு கைப்பேசிக்குள் வந்தது. அதற்கு வீடுகள் என்ன செலவழித்தன, ஆசிரியர்கள் தங்கள் கையிலிருந்து என்ன போட்டார்கள், அதில் எதை அரசு இனிமேல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பதுதான் ஆய்வு. முதல் சுற்றில் கிழக்குப் பாலக்காட்டின் எல்லைப் பஞ்சாயத்துகளும் இடுக்கியின் தேயிலை எஸ்டேட்டுகளும் என் தலையில் விழுந்தன. குழுவில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாலக்காட்டுச் சித்தூர்க்காரி. பொருளாதாரத்தில் முதுகலை. வாய் கொஞ்சம் வேகம், கை அதைவிட வேகம்.

வீடு வீடாகப் போவது எனக்குப் பிடித்திருந்தது. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம், "மாசம் ரீசார்ஜுக்கு எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஏனுங்க அம்முணி, அதுல பையன் படிச்சது எவ்வளவு, கேம் வெளையாண்டது எவ்வளவு, நானு கோழிச்சண்டை வீடியோ பாத்தது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லோணுமா?"

"தோராயமாச் சொல்லுங்க, போதும்."

"அப்பிடின்னா பையன் படிச்சதுக்கு ஒண்ணுமே ஆகலைன்னு எழுதிக்குங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "இன்னைக்கு இவரு பேசுனதுல அது ஒண்ணுதானுங்க நெசம்."

மோர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனேன். அப்படியான நாட்களும் உண்டு.

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் பேசினாலும் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டீச்சர் என்றே சொல்கிறேன். தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் தினக்கூலிக்குப் பாடம் எடுத்தவர். பள்ளி மூடியபோது கணக்குப் பாடங்களைத் தன் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். வீடியோ இல்லை, வெறும் குரல்தான். அந்தக் குரல் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவித் தாவி இடுக்கி எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் வரை போய்விட்டது. தமிழில் கணக்குச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. பள்ளி திறந்த பிறகும் மழை விடுமுறை, ஆசிரியர் வராத மாதம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவரும் அனுப்பிக்கொண்டே இருந்தார். சம்பளம் என்று யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. இதைச் செலவு என்று ஆய்வுக் குழுவின் முன் நிலைநாட்டிவிட்டால் அரசு அவரை முறையாக நியமிக்கும்; பாடங்களும் தொடரும். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள். டீச்சரோ என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ரோட்டோரப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போய் நிறுத்திப் பேசினார். அது எனக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. என் திட்டத்தைச் சொல்லி முடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

"கமிட்டி சிட்டிங்ல உங்க பாடத்தப் போட்டுக் காட்டீறலாமுங்களா டீச்சர்?"

"வேண்டாமுங்க அம்முணி. எழுத்துல குடுத்தாப் பத்தாதா?"

"காதுல கேட்டாத்தானுங்க உங்க அருமை தெரியும்."

"அருமை கெடக்குது போங்க. ஊட்டுல உக்காந்து பேசுனது. சபைல போட்டா நல்லா இருக்காது."

கூச்சம் என்று நினைத்தேன். திறமையுள்ள பெண்கள் இப்படித்தான் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள், நாம்தான் இழுத்து முன்னால் நிறுத்த வேண்டும் என்று என் மனதுக்குள் ஒரு சிறு சொற்பொழிவே ஓடியது. "அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதிவுகளை எல்லாம் பஸ்ஸில் போகும்போது கேட்டேன், இரட்டை வேகத்தில். நான் எதையுமே அப்படித்தான் கேட்பேன். செய்தி, விரிவுரை, அம்மாவின் குரல்செய்திகூட. ஏழாம் வாய்ப்பாடு பாடம் நன்றாக இருந்தது. பின்னணியில் குருவி கத்துவதுபோல் ஏதோ கீச்சென்று ஒலித்தது. கிராமத்து வீடு, கோழியோ குருவியோ இருக்கும். இதையே போடலாம் என்று முடிவு செய்து அடுத்த பாடத்துக்குப் போனேன்.

குழு ஊர்மக்களை நேரில் கேட்கும் அமர்வு சித்தூரில் ஒரு பஞ்சாயத்துக் கூடத்தில் நடந்தது. கூடம் நிறைந்திருந்தது. பெற்றோர், ஆசிரியர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். குழுத் தலைவர் பாலக்காட்டுக் கோயில் தெருக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த, ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. இடுக்கியிலிருந்து ஒரு எஸ்டேட் படிப்பு மையத்துப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பெரிய திரையில் தெரிந்தார்கள். ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஸ்வெட்டரோடு, கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு. அழைப்பை நடத்தியவள் நான். யாரைப் பேச விடுவது, யாரை அமர்த்துவது என்பது என் லேப்டாப்பில் ஒரு பொத்தான்.

டீச்சரின் முறை வந்தது. அவர் எழுந்து, "ஊட்டுலயே பேசி அனுப்புனதுங்க. செலவுன்னு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லேன்னா எதை எழுதறதாம்மா? அப்புறம் இந்தக் கொழந்தை எதுக்கு இத்தனை பேப்பரைத் தூக்கிண்டு வந்திருக்கு?" என்று என்னைக் காட்டினார். கூடம் சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. "சார், ஒரு பாடத்தைக் கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்றேன். மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்த டீச்சர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தார். பார்த்தேன். மறுபடியும் கூச்சம் என்று நினைத்துக்கொண்டே பதிவை ஓடவிட்டேன்.

டீச்சரின் குரல் கூடத்தின் ஒலிபெருக்கியில் வந்தது. தெளிவான, நிதானமான குரல். "கண்ணுகளா, எல்லாரும் கைவிரலை நீட்டுங்க. ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு." தலைவர் தலையை ஆட்டிக் கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் இடுக்கிப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். பதிவில் டீச்சர் சொல்வதற்கு முன்பே, அவரை முந்திக்கொண்டு, தொண்டை கிழிய: "மூவேழு இருபத்தொண்ணு! நாலேழு இருபத்தெட்டு!" ஒலிபெருக்கி அதிர்ந்தது. பின் வரிசையில் யாரோ காதைப் பொத்தினார்கள். அதிகாரிகள் முன்னால் வாய்ப்பாடு தெரியும் என்று காட்டிக்கொள்கிறார்கள், நான் போட்ட பாடத்தைக் கெடுக்கிறார்கள் என்று தோன்றியது. மியூட் பொத்தானைத் தட்டினேன்.

கூடம் அமைதியானது. அந்த அமைதியில் பதிவின் பின்னணிக் குரல் வந்தது.

"அம்மா... ஏம்மா... நனஞ்சு போச்சும்மா. குளுருதும்மா. வந்து மாத்தி உடும்மா..."

கிழவர் ஒருவரின் குரல். கனத்த, கட்டளையிட்டுப் பழகிய குரல், குழந்தையைப் போல் அழுதுகொண்டிருந்தது. அதற்கு டீச்சரின் தாழ்ந்த பதில்: "தா வந்தர்றன் மாமா. ஒரு நிமிசம்." அடுத்த நொடி பழைய குரலில்: "ஐயேழு முப்பத்தஞ்சு, சொல்லுங்க கண்ணுகளா."

அந்தக் குரல் யாருடையது என்று கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. டீச்சரின் மாமனார்; கால்வாய்த் தண்ணீர் முறையில் தகராறு வந்தால் தீர்த்து வைத்தவர். அவர் வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். "பெரியவரு கோயமுத்தூர்ல மக ஊட்டுல இருக்காருன்னாங்களே?" என்று யாரோ கேட்டார்கள்.

நிறுத்தும் பொத்தான் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. எதிரே திரையில் அந்தப் பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். வாய் அகலத் திறந்து மூடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு சிறுமி எழுந்து நின்று கேமராவைப் பார்த்து இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். என்ன சொல்கிறாள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பெரியவர் மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டார்.

டீச்சர் மூன்றாவது வரிசையிலிருந்து நடந்து வந்தார். அவசரமில்லாமல் வந்தார். என் லேப்டாப்பை மூடினார். பிறகு திரும்பிப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தலைவர்தான் முதலில் பேசினார். வழக்கத்தைவிட உரக்க, "அடுத்தது யாரு? வேலந்தாவளத்துலேர்ந்து வந்திருக்கறவா வாங்கோ, சீக்கிரம் வாங்கோ, நேரம் ஆறது" என்றார். வேலந்தாவளத்துக்காரர் ஒருவர் தட்டுத் தடுமாறி எழுந்து டவர் கிடைக்காததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லாரும் அவரை அவ்வளவு கவனமாகக் கேட்டார்கள். பாவம், அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. எஸ்டேட் மையத்தில் எழுந்து நின்ற அந்தச் சிறுமி, மையத்து அக்காவின் போனிலிருந்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, எங்கள எதுக்கு மியூட்ல போட்டீய? அந்தப் பாடத்துல நாலேழு முடிஞ்சதும் தாத்தா அழுவாரு. நாங்க எப்பவும் அந்த எடத்துல சத்தமா சொல்லுவோம், லயத்துல பெரியாளுக யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. டீச்சர் ஒண்ணும் சொல்லல, நாங்களாத்தான். கேட்டா எங்க மாமால்லாம் சிரிப்பாவல்ல? தாத்தாவுக்கு ஒண்ணும் ஆவலியேக்கா?"

இதை நான் சரியான வேகத்தில்தான் கேட்டேன். பலமுறை கேட்டேன். டீச்சர் முகத்தையே நேரில் பார்த்திராத பிள்ளைகள். இத்தனை காலம், இத்தனை வீடுகளில், அவரவர் தொண்டையால் அந்தப் பெரியவரை மூடி வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அங்கே கூடத்திலும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் வாயை நான் அடைத்தேன்.

நண்பர்களே, இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட என் வெட்கத்துக்கு ஓர் எல்லை இருந்திருக்கும். அமர்வுக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. கூடத்தில் கேட்ட எதையும் சான்றாகச் சேர்க்கலாம் என்பது விதி. படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் பாடம் தயாரித்தார் என்று எழுதினால், அந்த உழைப்பை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நான் நிரூபிக்க நினைத்தது அதுவாகவே நிரூபணமாகிக் கிடந்தது. கேவலம் என்னவென்றால், அந்த ராத்திரியிலும் என் புத்தியின் ஒரு மூலை, 'நல்ல சான்று' என்று கணக்குப் போட்டது.

தலைவரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ எழுதினாலும் நான் கையெழுத்துப் போடறேன். எழுதலேன்னாலும் போடறேன். ஆனா அவாகிட்ட கேக்காம எழுதாதே, கேட்டயோ?"

மறுநாள் டீச்சருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் குறுக்கே பேசினார்.

"அம்முணி, மாமாவுக்கு மறதி ஆரம்பிச்சப்போ, புத்தி தெளிவா இருந்த ஒரு நாள்ல என்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னாருங்க. 'எந்திரிச்சு நின்னு கும்புட்ட சனம். அவங்க முன்னால என்னைய இப்பிடி நிறுத்தீறாதே'ன்னு. மகன்கிட்டச் சொல்லல, எங்கிட்டச் சொன்னாரு. அத்தன வருசம் காப்பாத்தியாச்சு."

அவரே தொடர்ந்தார்:

"எழுத்துலயும் ஏத்தீறாதீங்க. அது ஒண்ணுதான் மிச்சம்."

"எழுதலைன்னா உங்களுக்கு வேலை வராதுங்க டீச்சர்."

"தெரியுமுங்க."

எழுதவில்லை. அவர் பெயருக்கு நேரே செலவு 'இல்லை' என்று போட்டேன். அறிக்கை வந்தபோது, தமிழ்க் கணக்குப் பாடங்கள் செலவின்றித் தயாராகின்றன, அப்படியே தொடரலாம் என்று ஒரு வரி இருந்தது. நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வரி என்னுடையது. அது பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். வேறு என்ன எழுதியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்க்கப் போனேன். கேட்டிலேயே நின்றேன். டீச்சர் வந்து பார்த்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. சாத்தி மறைக்க இனி என்ன இருக்கிறது?

"மன்னிப்புக் கேக்க வந்திருந்தா வேண்டாமுங்க," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "முக்கா மணி நேரம் சும்மா இருப்பீங்களா? எஸ்டேட்ல நாளைக்குப் பரிச்சை. பின்னம் சொல்லித்தரோணும். அவரு வேலையாப் போயிட்டாரு. மாமாகிட்ட உக்காந்திருந்தாப் போதும்."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். இந்தப் பக்கம் கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம். வெள்ளை வேட்டி, துவைத்த துண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு நீ?"

எனக்கு எங்கிருந்தோ வார்த்தை வந்தது. "ஐயா, நானுதானுங்க அன்னைக்குச் சித்தூர்ல, எல்லாரும் இருக்கறப்போ உங்க..."

அவர் உதட்டில் விரலை வைத்தார். கண்டிப்பான முகம். "மெல்லப் பேசு," என்றார் அடிக்குரலில். "உள்ள பாடம் நடக்குது. புள்ளைக காதுல உளுகும்."

வாயை மூடிக்கொண்டேன். ஃபேன் சுற்றியது. உள்ளே டீச்சர் ஒரு தேங்காயை நாலு பங்கு வைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏதோ தோன்றி அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

வேட்டி நனைந்திருந்தது. நனைந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிடத் திறந்த வாயை அவரே தன் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடியில் உலர்ந்த வேட்டி ஒன்று கிடந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நின்றேன்.